தெக்கோவா ஊராரும் கரிசல் நாட்டாரும்: புயலுக்குப் பிந்திய புனரமைப்புத் தொண்டின் வரலாறு குறித்து ஒரு சிந்தனை

முன்னுரை

ஐப்பசி பிறந்ததும் கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் நாட்டில் அனைவர் கண்களும் கீழ்வானத்தையே நோக்குகின்றன. ஆற்றுப் பாசனம் அருகிய இந்நிலத்தில் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், கொத்தமல்லி ஆகிய யாவும் வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பி விதைக்கப்படுகின்றன. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவானால்தான் இங்குள்ள சம்சாரியின் முகம் மலரும். ஆகவே அம்மாதத்தில் நம் சபைகளில் மழைக்காக ஏறெடுக்கப்படும் மன்றாட்டு, வானிலை இயலாரின் மொழியில் கூறின், கடலில் ஒரு தாழ்வு மண்டலம் தோன்றவேண்டும் என்னும் மன்றாட்டேயாகும். அதே தாழ்வு மண்டலம் வலுத்துப் புயலாகிக் கரையேறுமாயின், கடற்கரை மக்களின் குடிசையும் படகும் வலையும் போகின்றன. சில வேளைகளில் உயிரும் போகிறது. ஒரு சபையார் நன்றிப்பலி செலுத்தும் அதே வாரத்தில் பிறிதொரு சபையார் அடக்க ஆராதனை நடத்துகின்றனர்.

இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பது இறையியலார்க்குரிய பெரிய வினா. அதனை முழுவதும் அவிழ்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கடலால் வாழ்வு பெறும் உள்நாட்டார், கடலால் வாழ்விழந்தோர்க்குத் தோள் கொடுத்துக் கட்டியெழுப்பும் கடமையை வரலாறு எவ்வாறு கற்பித்திருக்கிறது என்பதையே ஈண்டு ஆராய முற்படுகிறோம். அவ்வரலாற்றில் பாராட்டத்தக்கவையும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கவையும் உண்டு.

1. கரிசலும் கடலும்

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. சாத்தூரையும் விளாத்திகுளத்தையும் கடந்து வரும் வைப்பாறு சிப்பிகுளத்தருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நிலவியல் நோக்கில் கரிசலும் கடலும் ஒரே வடிகால் பரப்பின் இரு முனைகளே. ஆயினும் திருச்சபை வரலாற்றில் இவ்விரண்டும் வெவ்வேறு உலகங்களாகவே இருந்துவந்துள்ளன. முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர்; 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்தார். சீர்திருத்தத் திருச்சபையோ பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் நெல்லை நாட்டில் வேரூன்றிற்று. அதுவும் பெரும்பாலும் உள்நாட்டிலும் தேரிக்காட்டுப் பனைநிலத்திலுமே பரவிற்று. எனவே கடற்கரையார் வேறு சபையினர், வேறு சாதியினர், வேறு தொழிலினர் என்னும் மும்மடங்கு இடைவெளி நம் உள்ளங்களில் நிலைத்துவிட்டது. கரிசல் ஊர்ச் சபையிலிருந்து ஒருவர் கடலோரச் சிற்றூருக்குச் சென்று செங்கல் சுமப்பாராயின், அவர் கடப்பது 60 கிலோமீட்டர் மட்டுமன்று.

ஆயினும் ஊர்விட்டு ஊர் சென்று முறை வைத்துத் தொண்டாற்றும் வழக்கம் நமக்குப் புதியதன்று. 1854-இல் தாமஸ் ராக்லண்டு ஐயர் வட நெல்லையில் கூடாரமிட்டு ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவிக்கும் பணியைத் தொடங்கியபோது, தெற்கிலுள்ள பழைய சபைகளின் உபதேசிமார் முறை வைத்து வந்து அவருடன் உழைத்தனர். அவர்களது செலவை அச்சபைகளே தாங்கின. 1858-இல் ராக்லண்டு சிவகாசியில் காலமானார். பனைநாட்டு எளிய மக்களின் காணிக்கையால் கரிசல் நாடு நற்செய்தி கேட்டது என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அதற்கும் முன்னரே, 1830-இல், ரேனியஸ் ஐயர் காலத்தில் பாளையங்கோட்டையில் தொடங்கிய தர்ம சங்கம், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேறுவதற்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. வீடிழந்தோர்க்கு வீடு தேடுவது அந்நாளிலேயே திருச்சபைப் பணியாகக் கருதப்பட்டது.

2. பெற்றவராக நாம் இருந்த நாள்: 1876-1878

கொடுப்போர் தாம் ஒரு காலத்தில் பெற்றவர் என்பதை நினைவிற்கொள்வது நன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எனக் கணிக்கின்றனர். வானம் பார்த்த நிலங்களே அதில் முதலில் வீழ்ந்தன. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1876-இல்தான் திறக்கப்பட்டிருந்தது. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அரிசி கப்பலேறிச் சென்னை மாகாணத் துறைமுகங்களுக்கு வந்தது. உள்நாட்டில் பிழைக்க வழியற்ற பல்லாயிரவர் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அந்நாளில் கரிசல் நாட்டாருக்குக் கடற்கரையே புகலிடமாயிற்று.

அப்பஞ்சம் நமக்கு இரு பாடங்களை விட்டுச் சென்றது. முதலாவது, உதவியின் அளவையும் முறையையும் பற்றியது. பஞ்ச வேலைக்கு வந்தவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாகக் கொண்ட கூலி போதுமென்று ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். அது உயிர் காக்கப் போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். உதவுவோர் தம் கணக்கை முதன்மையாகக் கொள்ளும்போது பெறுவோரின் உடலே அதற்கு விலையாகிறது என்பதை அவ்வாதம் உலகறியச் செய்தது. 1880-இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும் 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பும் தோன்றியதற்கு இவ்வனுபவமே காரணம்.

இரண்டாவது பாடம் திருச்சபைக்கே உரியது. கால்டுவெல் ஐயரும் சார்ஜென்ட் ஐயரும் 1877-இல் உதவிப் பேராயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்ட அக்காலத்தில், பஞ்சத்தின் போதும் அதனையொட்டியும் பல்லாயிரவர் 'வேதத்தில்' சேர்ந்தனர். அவர்களுள் எத்தனையோ பேர் உண்மையான விசுவாசத்துடன் நிலைத்தனர். அவர்தம் வழிவந்தோரே இன்று நம் ஆலயங்களை நிரப்புகின்றனர். ஆயினும் 'சோற்றுக்காகச் சேர்ந்தவர்' என்னும் ஏளனச் சொல்லும் அவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. உதவியும் மதமாற்றமும் ஒரே கையால் வழங்கப்படின், உதவி ஐயத்துக்கு உள்ளாகிறது. விசுவாசமும் ஐயத்துக்கு உள்ளாகிறது. அவ்வேளையில் வந்தோரை ஏற்றுக்கொண்டவர்களைக் குறை கூறுவது நம் கருத்தன்று. பசித்து வந்தவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது எவ்வகையில் நற்செய்தியாகும்? ஆனால் அவ்வேளையின் சுமை, ஏற்றுக்கொண்டவர்மேல் அன்றி ஏற்கப்பட்டவர்மேல் வீழ்ந்தது என்பதை நாம் உணரவேண்டும். புயற்பகுதிக்குச் செல்லும் தொண்டர்க்கு இதனினும் தேவையான வரலாற்றுப் பாடம் வேறில்லை.

3. மீண்ட பாலமும் மீளாத ஊரும்: 1964

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, இலங்கையின் வடபகுதியைத் தாக்கிய புயல் பாக் நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. ஆழம் குறைந்த நீரிணையில் காற்று திரட்டிய அலை, ஊரின் மேலேயே ஏறிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலைவாய்ப்பட்டது. மொத்தத்தில் ஏறத்தாழ 1,800 பேர் மடிந்தனர் என்பர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நடந்துவந்த கப்பல் போக்குவரத்து அவ்விரவோடு முடிந்தது. ஊர் குடியிருக்கத் தகுதியற்றதென்று அரசு அறிவித்தது.

அதே புயலில் பாம்பன் இருப்புப்பாதைப் பாலமும் பெரும் சேதமுற்றது. அதனைப் பழுதுபார்க்கும் பொறுப்பு இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலில் வீழ்ந்த இரும்பு உத்தரங்களை மீட்டெடுத்து 46 நாட்களில் அவர் பாலத்தைச் சீராக்கினார். அது பொறியியல் வரலாற்றில் போற்றப்படும் செயல், நாமும் போற்றுகிறோம். ஆனால் பாலம் 46 நாட்களில் மீண்டது. ஊரோ அறுபது ஆண்டுகள் கடந்தும் மீளவில்லை. ஆபத்தான மணல்திட்டில் மீண்டும் ஊரமைப்பது அறிவுடைமையன்று என்பது உண்மையே. ஆயினும் மீனவர் சிலர் அங்கேயே திரும்பிச் சென்று ஓலைக் குடிசைகளில் வாழ்ந்துவருகின்றனர். கடலை விட்டால் அவர்களுக்குத் தொழில் இல்லை என்பதே காரணம்.

புனரமைப்பில் எது முதலில் கட்டப்படுகிறது என்பது, ஒரு சமுதாயம் எதனை இன்றியமையாததாகக் கருதுகிறது என்பதைக் காட்டும் கண்ணாடி. பாலத்துக்கு ஒரு துறை இருந்தது; நிதி இருந்தது; கால வரையறையும் இருந்தது. மீனவக் குடும்பத்திற்கு இவை மூன்றும் இல்லை. தொண்டர் செல்லவேண்டிய இடம், எத்துறையின் கணக்கிலும் வராத அவ்விடைவெளியே.

4. 1977 நவம்பர்: இரு புயல்கள்

1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்தை ஒரு புயல் தாக்கிற்று. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19-இல், ஆந்திரக் கடற்கரையில் அதனினும் கொடிய புயல் கரையேறிற்று. கிருஷ்ணா ஆற்றின் கழிமுகத்திலுள்ள திவிசீமையில் கடல் பல மைல் உள்நாட்டில் பாய்ந்தது. உயிரிழந்தோர் அரசுக் கணக்கின்படியே பதினாயிரத்தை ஒட்டினர். அவனிகட்டாப் பகுதியைச் சேர்ந்த காந்தியவாதியான மண்டலி வெங்கட கிருஷ்ண ராவ் அங்கு நிவாரணப் பணிகளில் முன்னின்றார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டு நிறுவனங்கள் வந்தன. 1947-இல் நாட்டுப் பிரிவினையின் அகதிகளுக்கு உதவத் தோன்றிய 'காசா' என்னும் திருச்சபைகளின் சமூகப் பணி நிறுவனமும் அவற்றுள் ஒன்று.

இப்புயலுக்குப் பின் புனரமைப்பின் பொருளே விரிவடைந்தது. இழந்ததை மீண்டும் கட்டுவது மட்டும் போதாது, மீண்டும் இழக்காதவாறு கட்டவேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆந்திரக் கடற்கரையில் புயற்காப்பு இல்லங்கள் எழுந்தன. ஏனைய நாட்களில் பள்ளியாகவும் ஊர்க்கூடமாகவும், புயல் நாளில் அடைக்கலமாகவும் பயன்படும் கட்டடங்கள் அவை. 1990 மே மாதத்தில் அதே கடற்கரையை வலிய புயல் தாக்கியபோது ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஆயிரத்தை ஒட்டியதாகக் குறைந்தது. ஒடிசாவில் 1999 அக்டோபர் புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் 'பைலின்' புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் காப்பிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதுக்கும் குறைவாயிற்று. காற்றின் சீற்றம் தணியவில்லை. மனிதர் ஆயத்தம் வளர்ந்தது. 'இறைவன் செயல்' என்று நாம் எளிதாகக் கூறிவிடும் மரணங்களுள் எத்தனை, கட்டப்படாத ஒரு கூடத்தின் விளைவு என்று வினவும் கடமை பிரசங்கிக்கு உண்டு.

5. ஆழிப்பேரலை கற்பித்தவை

2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை புயலன்று. ஆயினும் கடற்கரைப் புனரமைப்பைப் பேசும்போது அதனைத் தவிர்க்கவியலாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இலங்கைத் தீவின் மறைவிலிருந்த தூத்துக்குடி மாவட்டத்தில் உயிரிழப்பு மிகக் குறைவு. ஆகவே நம் பகுதியினர் பெறுவோராக அன்றிக் கொடுப்போராகவே அவ்வேளையைச் சந்தித்தனர்.

உலகெங்குமிருந்து உதவி குவிந்தது. ஆனால் குவிந்தவை யாவும் உதவியாகவில்லை. பழைய துணிகள் சாலையோரங்களில் மலைபோல் கிடந்து மழையில் நனைந்தன. மீனவர் அவற்றை ஏற்கவில்லை. உழைத்துண்ணும் மக்கள் பிறர் கழித்த துணியை உடுக்க மறுத்ததை நன்றியின்மை என்று கூறலாகாது, அது தன்மானம். தற்காலிகக் குடியிருப்புகள் தார்த்தகடுகளால் அமைக்கப்பட்டமையால் வெயிலில் அடுப்பாயின. நிறுவனங்கள் போட்டியிட்டுக் கண்ணாடியிழைப் படகுகளை வழங்கியதால், சில இடங்களில் இழந்தவற்றினும் மிகுதியான படகுகள் கரையில் நின்றன. ஆனால் படகு இல்லாதவர்க்குப் பங்கு அரிதாயிற்று. கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களும், கடலோரத் தலித் கூலித் தொழிலாளரும், உப்பளத் தொழிலாளரும் பட்டியல்களில் பின்தங்கினர். ஊர்ப் பஞ்சாயத்து தந்த பட்டியலே முழுமையானதென்று நம்பிய நிறுவனங்கள், அப்பட்டியலுக்கு வெளியே நின்றோரைக் காணவில்லை. ஊராரைக் கேட்டே செய்யவேண்டும் என்பது நல்ல நெறி. ஊரார் எனப்படுவோர் யாவர் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதே அதன் மறுபாதி.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் வேறொரு பாடத்தைத் தந்தது. ஆழ்கடலில் பல நாட்கள் தங்கி மீன்பிடிக்கும் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. காணாமற்போனவர் இறந்தார் எனக் கொள்ளச் சட்டப்படி ஏழாண்டுகள் காத்திருக்கவேண்டும். அவ்விதியைத் தளர்த்தியே இழப்பீடு வழங்கவேண்டியதாயிற்று. அங்கே கட்டியெழுப்பவேண்டியது சுவரன்று. கல்லறையில்லாத துக்கத்தைத் தாங்கும் குடும்பங்களோடு அமர்ந்திருப்பதும், விண்ணப்பங்களையும் சான்றிதழ்களையும் ஏந்தி அவர்களுடன் அலுவலகப் படிகளில் ஏறுவதுமே அங்குத் தேவைப்பட்ட புனரமைப்பு.

6. கஜா: மண்ணறிந்து கட்டுதல்

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் முன்னரே முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் உயிரிழப்பு மட்டுப்பட்டது. ஆனால் வாழ்வாதார இழப்புக்கு அளவில்லை. ஒரு தலைமுறை வளர்த்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. பிற மாவட்டங்களின் மின்வாரியத் தொழிலாளர் வந்து முழங்கால் நீரில் நின்று அவற்றை நட்டனர். வேதாரண்யத்து உப்பளங்களில் கடற்சேறு ஏறிப் படிந்தது.

நம் வட்டாரத்துச் சபைகளிலிருந்தும் இளைஞர் சிலர் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு சென்றனர். அவர்களுடன் சென்று திரும்பிய கொத்தனார் ஒருவர் எம்மிடம் கூறியது குறிக்கத்தக்கது. கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாய் வெடிக்கும். ஆகவே இங்கே அடித்தளம் தோண்டுவோர் கெட்டியான அடுக்கு தட்டுப்படும்வரை ஆழமாய்த் தோண்டுவர். கடலோரத்திலோ மணல் வெடிப்பதில்லை. அலை வந்தால் அடித்தளத்தின் கீழிருந்தே அரித்துச் சென்றுவிடும். அங்குள்ள கொத்தனாரிடம் இரு நாட்கள் கையாளாக நின்ற பின்னரே தாம் கரண்டியைத் தொட்டதாக அவர் கூறினார். முப்பது ஆண்டு அனுபவமுடையவர், அயலூரில் சித்தாளாக நிற்க ஒப்பினார். தொண்டின் இலக்கணம் இதனினும் தெளிவாக எம் வகுப்பறையில் விளக்கப்பட்டதில்லை எனலாம்.

அவர் மற்றொன்றும் கூறினார். முதல் வாரத்தில் சாலையெங்கும் வண்டிகள் நின்றனவாம். தை மாதத்தில் அவர் மீண்டும் சென்றபோது எவரையும் காணவில்லையாம். ஆனால் வீழ்ந்த தென்னைகளை அறுத்து அகற்றவும், அடித்தண்டுகளைத் தோண்டியெடுக்கவும், கூரை வேயவும் ஆட்கள் தேவைப்பட்டது அப்போதுதான்.

உள்நாட்டு உழவர் கடற்கரைக்குச் சென்று கட்டும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. 1874-இல் தென் ரஷ்யப் புல்வெளிகளிலிருந்து அமெரிக்காவின் கான்சாஸ் சமவெளிக்குக் குடிபெயர்ந்து கோதுமை பயிரிட்ட மெனோனைட் சபையார், 1950-இல் பேரிடர்ப் பணிக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். 2005 ஆகஸ்டு 29-இல் கத்ரீனா புயல் வளைகுடாக் கரையை அழித்தபின், கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள சபைகளின் தச்சரும் உழவரும் அங்குச் சென்று பல ஆண்டுகள் வீடு கட்டினர். செய்தித்தாள்கள் வேறு செய்திக்குப் போன பின்னும் தங்கியிருந்ததே அத்தொண்டின் சிறப்பு.

7. திருமறை காட்டும் நெறி

நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம் பெயர்ப்பட்டியலாகவே தோன்றுவதால் பலரும் அதனைக் கடந்து செல்கின்றனர். ஆனால் புனரமைப்பின் இறையியல் அங்கே புதைந்துள்ளது. எருசலேமியருள் பலர் தத்தம் வீட்டிற்கு எதிரேயுள்ள மதிலைத் தாமே கட்டினர். இடிந்ததைக் கட்டுவதில் முதலுரிமை அங்கு வாழ்வோர்க்கே என்பது இதனால் விளங்குகிறது. அவர்களோடு எரிகோவினரும் கிபியோனியரும் தெக்கோவா ஊராரும் சேர்ந்து கட்டினர். இவர்களுள் தெக்கோவா ஊராரை நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். யூதேயப் பாலைவனத்தின் ஓரத்தில், மழை அருகிய மேட்டுநிலத்திலுள்ள ஊர் அது. ஆமோஸ் இறைவாக்கினரின் ஊரும் அதுவே. நம் கரிசல் நாட்டுக்கு ஒப்பான ஊர் எனின் மிகையன்று. அவ்வூர்ப் பெரியோர் தம் கழுத்தை நுகத்திற்குக் கொடுக்கவில்லை என்று ஐந்தாம் வசனம் குறிப்பிடுகிறது. எளியோரோ தமக்குரிய பங்கை முடித்ததோடு நில்லாமல் மற்றொரு பகுதியையும் கட்டினர் என்று இருபத்தேழாம் வசனம் கூறுகிறது. அம்மதில் அவர்களுடையதன்று, அது காக்கப்போவது வேறொரு நகரை. ஆயினும் இருமுறை கட்டினர்.

ஐந்தாம் அதிகாரம் மேலும் ஆழமானது. மதில் எழும்பிக்கொண்டிருக்கும்போதே, பஞ்சத்தில் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்த எளியோரின் கூக்குரல் எழுகிறது. நெகேமியா கடன் கொடுத்தோரைக் கூட்டி, அடகை மீட்டுக் கொடுக்கச் செய்கிறார். கடனை மறந்து கட்டப்படும் மதில் யாரைக் காக்கும்? கடற்கரையிலும் புயலுக்குப் பின் வீட்டைவிடப் பெரிய சுமை படகுக் கடனும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமுமே.

அப்போஸ்தலர் பணிகளின் இறுதியில் வேறொரு காட்சி உள்ளது. புயலில் கப்பல் உடைந்து பவுலடியார் மெலித்தா தீவில் கரையேறுகிறார். அங்கே உதவுவோர் கடற்கரை மக்கள், பெறுபவர் அப்போஸ்தலர். அவர் நெருப்புக்கு விறகு பொறுக்குகிறார். அதே பவுல், யூதேயாவிலிருந்த வறியோர்க்காகப் பல சபைகளிலும் காணிக்கை திரட்டியபோது அதனை ஈகை என்று மட்டும் அழைக்கவில்லை. 'கொயினோனியா', அதாவது பங்குறவு, என்றும் அழைத்தார். ஒருவர் மிகுதி இன்று மற்றவர் குறைவை நிரப்பும், நாளை அது திரும்பி வரும் என்னும் சமநிலையே அவர் காட்டும் நோக்கம். அப்பணி ஒரே வாரத்தில் முடியவில்லை. ஓராண்டுக்கு மேலும் நீடித்தது. பணத்தை ஒருவரே சுமக்காமல் சபைகள் தெரிந்தெடுத்தோர் உடன் செல்லவேண்டும் என்றும் அவர் ஏற்பாடு செய்தார். கணக்கும் காலமும் அன்பின் பகுதிகளே என்பதை இரண்டு கொரிந்தியர் எட்டாம் ஒன்பதாம் அதிகாரங்கள் உணர்த்துகின்றன.

8. திரும்பி வந்த சமநிலை: 2023

அச்சமநிலை வெறும் கருத்தன்று என்பதை 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்கள் காட்டின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தூத்துக்குடி மாவட்டம் முழுவதும் குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைபுரண்டது. மழைக்காக மன்றாடிய கரிசல் நிலத்தில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் நீரில் அழுகின. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட செந்தூர் விரைவு இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறை ஒட்டிய பயணிகளுடன் சிக்கியபோது, அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தாமும் வெள்ளத்தால் சூழப்பட்டிருந்தும் சமைத்து உணவளித்தனர். அவர்கள் எந்த நிறுவனத்தின் தொண்டரும் அல்லர். பசித்தோர் வாயிலில் நின்றனர், அடுப்பு மூட்டினர். பாதிக்கப்பட்டோரே முதல் தொண்டர் என்னும் உண்மை எல்லாப் பேரிடர்களிலும் மெய்ப்படுகிறது. வெளியிலிருந்து செல்வோர் இரண்டாவதாகச் செல்வோரே.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து ஆயர்களும் இறையியல் மாணவர்களும் செயற்படுத்தத்தக்க சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, புயல் வந்த வாரத்தில் அனுப்புவதைவிட மூன்றாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் ஆட்களை அனுப்ப இப்போதே முறை வகுத்தல் வேண்டும். ராக்லண்டு காலத்து உபதேசிமார் முறை வைத்துச் சென்றதுபோல், சேகரத்திற்கு ஒரு மாதம் எனப் பங்கிடலாம். கைப்பிடி அரிசிக் காணிக்கையின் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கும் சேகரம், புயலடித்த பின் உண்டியல் ஏந்தவேண்டிய நிலையில் இராது.

இரண்டாவது, அறைகூவலைக் கேட்டபின் செல்லுதல். சென்றபின் மீண்டும் கேட்டல். பங்குத்தந்தையாயினும், ஜமாத்தாராயினும், ஊர்ப் பஞ்சாயத்தாராயினும், அங்குள்ள தலைவர்களுடன் இணைந்தே பணியாற்றவேண்டும். அதே வேளையில் உப்பளத்தார், மீன் விற்கும் பெண்கள், சேரியில் வாழ்வோர் ஆகியோரின் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பணிவோடு வினவவேண்டும்.

மூன்றாவது, கட்டுமானப் பணியில் துண்டுப்பிரசுரம் வேண்டாம். சாட்சி கூறக் கூடாதென்பதன்று நம் கருத்து. வீடிழந்தவன் மறுக்க இயலாத நிலையில் நிற்கும்போது நாம் கூறுவது சாட்சியாகாது என்பதே. 1877-இல் சேர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் கேட்ட ஏளனச் சொல்லை மற்றெவரும் கேட்க நாம் காரணமாதல் கூடாது.

நான்காவது, மழைக்காக மன்றாடுவதை நாம் நிறுத்தவேண்டியதில்லை. வானம் பார்த்து வாழ்வோன் வானத்தின் ஆண்டவரை நோக்காமல் யாரை நோக்குவான்? ஆனால் அம்மன்றாட்டில் கடற்கரையின் பெயரும் இடம்பெறவேண்டும். அவ்வாறு மன்றாடுவோர், மழை பெய்த மறுவாரம் கீழ்த்திசையில் என்ன நேர்ந்ததென்று கேட்டறியவும் கடமைப்பட்டோர்.

தெக்கோவாவின் பெரியோர் பெயர் நெகேமியா நூலில் இல்லை. அவர்கள் கழுத்தைக் கொடாத செய்தி மட்டுமே உள்ளது. கட்டியோரின் பெயரும் தனித்தனியே இல்லை; அவர்கள் கட்டிய மதிலின் அளவு மட்டுமே உள்ளது. நம் சேகரங்களைக் குறித்து எதிர்காலத்தார் எழுதப்போவது இவ்விரண்டுள் எது என்பதை, அடுத்த புயலுக்குப் பின்வரும் மூன்றாம் மாதம் தீர்மானிக்கும்.